காதுக்குள் வந்து பேசியவர்

அத்தியாயம் 6

"செத்துப்போன மனுஷர் தினம் மத்தியானம் வந்து பொண்டாட்டிகிட்ட பேசறாரு. உயிரோட இருக்கிற எங்க அண்ணன் என் போனையே எடுக்க மாட்டேங்கறான்" என்றான் வால்.

ஆந்தை அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே எதுவும் ஒலிக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு மட்டும் பளிச் பளிச்சென்று மின்னியது. காது கேளாதவர் வீட்டில் மணியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அவளுக்கு ஆந்தை என்ற பெயர் வந்ததற்கே இந்த வீட்டுக்காரர்தான் காரணம். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த அம்மாள் ஒரு பெரிய வட்டக் கண்ணாடியை அவள் மூக்கில் ஏற்றி, இந்த முகத்துக்கு இதைவிட எடுப்பாக வேறொன்று கிடையாது என்று அடித்துச் சொன்னார். துப்பறியும் தொழிலில் இருப்பவளுக்கு அந்தப் பெயர் மறுநாளே ஒட்டிக்கொண்டது. உதவியாளனுக்கு வால் என்று பெயர் வந்தது அவள் பின்னாலேயே போவதால். வாயைத் திறந்தால் வேறு காரணமும் தெரியும்.

நேற்று கண்ணாடிக்காரம்மாள் அனுப்பிய செய்தி இன்னும் ஆந்தையின் போனில் இருந்தது. 'நான் பைத்தியமா இல்லையா என்று நாளைக்குள் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.'

கதவைத் திறந்தது மகன். லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். ஒரு கயிறு எவ்வளவு கனம் தாங்கும் என்று இழுத்துப் பார்த்தே நம்புகிறவன். அம்மாவையும் அப்படித்தான் சோதித்திருந்தான்.

அவன் சொன்ன கதை சுருக்கமானது. அம்மாவுக்கு வெகுகாலமாகவே காது மங்கிக்கொண்டு வந்தது. காதில் மெஷின் மாட்ட மாட்டேன் என்று பிடிவாதம். உதட்டைப் படித்தும், போனை வைத்தும் சமாளித்தார். கடை மேசையில் போனை நிமிர்த்தி வைத்தால், எதிரில் நிற்பவர் பேசப் பேச அது எழுத்தாகத் திரையில் ஓடும். அப்பா பின்னறையில் கண்ணாடி தேய்ப்பார், அம்மா முன்னால் வாடிக்கையாளரைக் கவனிப்பார். அப்பா மாரடைப்பில் போன பிறகு, சித்திதான் அழுது அடம்பிடித்து அம்மாவைக் காது கிளினிக்குக்கு அழைத்துப் போய் இரண்டு காதுக்கும் கருவி வாங்கிக் கொடுத்தாள். அம்மாவுக்குப் பேச்சு கேட்டது. போன் பேச்சுகூட நேராகக் காதுக்குள்ளேயே வந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், அப்பாவும் கேட்க ஆரம்பித்தார்.

"இப்ப பேசறார்னு அம்மா சொன்னப்போ நான் பக்கத்துலயே இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. மேசையில இந்த போன் இருந்துச்சு, இதுவும் ஒரு எழுத்து எழுதல. இது யாரு பக்கமும் பேசாதுல்ல?"

நாளை காலை மனநல மருத்துவர் வருகிறார். அவர் எழுதிக் கொடுத்தால், மகன் கையெழுத்துப் போடுவான். ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த ஒரு காப்பகத்தில் அம்மாவுக்கு அறை தயாராக இருந்தது. கடை மூடப்படும். அதைச் சொல்லும்போது மகன் தரையைப் பார்த்தான்.

கூடத்தில், மத்தியான வெளிச்சம் விழும் ஜன்னலோரம், கண்ணாடிக்காரம்மாள் உட்கார்ந்திருந்தார். பேசும்போது கேட்பவரின் வாயைப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மேசைமேல் இருந்த போனுக்கு முன்னால் வால் குனிந்து, மேடம் எனக்கு மூன்று மாதமாகச் சம்பளம் தரவில்லை என்று ரகசியமாகச் சொன்னான். எழுத்துகள் திரையில் வரிசையாக வந்து நின்றன. அம்மாள் படித்துவிட்டு, அதை அப்படியே ஆந்தையின் பக்கம் திருப்பி வைத்தார். பைத்தியம் பிடித்தவரின் குறும்பாக அது தெரியவில்லை.

தங்கை சமையலறையிலிருந்து வந்து அக்காவின் தோளில் சால்வையைச் சரி செய்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் சாயங்கால வேலை. அத்தான் போன பிறகு தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிட்டவள். தினமும் அக்காவின் காதுக் கருவிகளைத் துடைத்துச் சார்ஜ் போடுவதும் அவள்தான். ஆந்தையைத் தனியே அழைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அக்காவுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கண் கலங்கினாள்.

ஆந்தை அம்மாளையும் வாலையும் படுக்கையறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். கேட்ட கேள்விகள் கொஞ்சம்தான். குரல் இந்த வீட்டில் மட்டும்தான் வரும், கடையில் வராது. கடையில்தான் வரும் என்று எதிர்பார்த்து, பின்னறையில் போய் நின்றுகூடப் பார்த்திருக்கிறார். வரவில்லை. கருவியைக் கழற்றினால் வருமா என்றதற்கு அம்மாள் சிரித்தார்.

"கழட்டினா இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது. அதை வச்சு என்னத்தச் சொல்ல முடியும்?"

எப்போது ஆரம்பித்தது என்ற கேள்விக்குத்தான் யோசித்தார். காது கேட்கத் தொடங்கியதும் அவருக்கு ஒரு ஆசை வந்திருக்கிறது. கணவரின் குரலைச் சரியாகக் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது காது இருக்கிறது, ஆள் இல்லை. அவருடைய பழைய போனில் ஏதாவது பதிவு இருக்குமே என்று அதை எடுத்தார். பூட்டு எண் தெரியவில்லை. போன் ரிப்பேர் கடையில் திறக்கக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. நான் கூப்பிட்டேன், அவரே வந்துவிட்டார் என்று நினைத்ததாகச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது.

"ரிப்பேர் கடைக்காரன்தான் மேடம்" என்றான் வால், சட்டென்று. "போனத் தொறந்துட்டான். உள்ள இருந்து அய்யா வெளிய வந்துட்டாரு."

ஆந்தை அவனையே கடைக்காரருக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னாள். அந்த மனிதர் எரிந்து விழுந்தார். போன் இன்னும் பூட்டியபடியே இருக்கிறது, வேண்டிய பொருள் இப்போதுதான் வந்தது, நாளைக்கு மறுநாள் திறந்துவிடும், கொடுத்தவர் வந்தால்தான் தருவேன், ஏன் ஆளாளுக்கு அதையே கேட்கிறீர்கள் என்று வைத்துவிட்டார்.

"பாவம், நல்லவன்" என்றான் வால் ஏமாற்றத்தோடு.

ஆந்தை கண்ணாடியை மேலே தள்ளினாள். "மேசையில இருந்த போன் பொய் சொல்லல. அம்மாவும் பொய் சொல்லல. அப்படின்னா சத்தம் காத்துல வரல."

"பின்ன கூரியர்லயா வருது?"

ஆந்தை கையை நீட்டினாள். அம்மாள் இரண்டு கருவிகளையும் கழற்றி அதில் வைத்தார். முந்திரிப் பருப்பு அளவு, முனையில் ஒரு மெல்லிய ரப்பர். ஆந்தை அவற்றைத் துடைத்து வாலிடம் கொடுத்துவிட்டு, கூடத்து மேசையிலிருந்து எடுத்து வந்த போனில் பேசி அம்மாளுக்கு விஷயத்தைப் படிக்கக் காட்டினாள். அவர் தலைமுடியைத் தளர்த்திக் காதுகளை மறைத்துக்கொண்டு, எதுவும் மாறாதவர்போல ஜன்னலோரம் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான். காதில் ஒன்றும் இல்லை என்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியக் கூடாது.

வால் பேட்டரி வாங்கப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு வாசல் வழியே போனான். பக்கத்துச் சந்தில் திறக்கும் கதவு வழியே படுக்கையறைக்குத் திரும்பினான். ஆந்தை மகனிடம், உங்கள் அப்பாவின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, அவன் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, அதிலேயே பார்த்தபடி அவனைத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போனாள். நல்ல மனிதர் என்று மகன் சொன்னான். அம்மாவுக்காக எல்லாவற்றையும் எழுதி எழுதிக் காட்டுவாராம். வெளியே போனாலும் பக்கம் பக்கமாகக் குறுஞ்செய்தி அனுப்புவாராம். அப்படி ஒரு கணவரைப் பார்த்ததில்லை என்று எல்லாரும் சொல்வார்களாம். ஆந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

படுக்கையறையில் வால் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். உலகம் பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. தன் சட்டை உரசும் சத்தம்கூட கூரைமேல் ஆள் நடப்பதுபோலக் கேட்டது. பிறகு எல்லாச் சத்தமும் சட்டென்று அடங்கியது. தலைக்கு நடுவில், மூச்சு படும் தூரத்தில், ஓர் ஆண் குரல் பேசியது.

"வந்துட்டே இருக்கேன். கொஞ்ச நேரம்தான். கதவைத் தாழ் போடாம வை."

வால் சுவரைப் பிடித்துக்கொண்டான். குரலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அதே குரல், அதே வார்த்தைகள், அதே விர்ர்.

ஆந்தை திரும்பி வந்தபோது அவன் கருவிகளை உள்ளங்கையில் ஏந்தி, சூடான எதையோ வைத்திருப்பவன்போல நின்றான். ஆவியிடம் பேசும் வேலைக்கெல்லாம் தனிச் சம்பளம் என்று சொல்லிப் பார்த்தான்.

அம்மாளை உள்ளே அழைத்து, கருவிகளை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வால் அவர் எதிரில் உட்கார்ந்து, கேட்டதை அப்படியே சொன்னான். கண்ணாடிக்காரம்மாள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். எடுத்தபோது கண் நனைந்திருந்தது. ஆனால் முகம் இளமையாகியிருந்தது.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லை என்றாள் ஆந்தை. யாரோ ஒருவர் தன் போனிலிருந்து இந்தக் கருவிக்குள் அனுப்புகிறார். அதனால்தான் அது வீட்டுக்குள் மட்டும் கேட்கிறது. அதனால்தான் மேசை போன் எழுதவில்லை. மகன் இல்லை. அவன் தெருமுனையில் இருந்தான், அவன் போன் தன் கையில் இருந்தது.

"ரெண்டு தடவை சொல்லுச்சு மேடம். அட்சரம் பிசகாம" என்றான் வால். "ஆவிக்கு அவ்வளவு அக்கறை, காதுல விழலயோன்னு மறுபடி சொல்லுது."

"அம்மா முகத்துல ஒண்ணும் தெரியல. அதான் மறுபடி. போட்டவங்க இவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க."

கண்ணாடிக்காரம்மாள் மெதுவாக ஆந்தையைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்தபோது தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றதைச் சொன்னார். கையில் போன் இருந்தது. தன் முகத்தையே பார்த்தாள், குனிந்தாள், மறுபடி பார்த்தாள். டீ வேண்டுமா என்று கேட்கிறாளோ என்று நினைத்துத் தான் தலையாட்டியதாகச் சொன்னார். காது கிளினிக்குக்கு அவளோடு போனபோது தன்னிடம் இருந்தது கருவியோடு இணையாத பழைய போன். அதனால் கருவியை முதலில் இணைத்துச் சோதித்தது தங்கையின் போனில்தான். புதுப் போன் வாங்கியதும் அந்த இணைப்பை அழித்தார்களா என்று யாரும் கேட்கவில்லை.

"ஆனா அவ எதுக்கு?" என்றவர், உடனே தானே பதிலும் சொல்லிக்கொண்டார். தன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்திருப்பாள். தான் குரலைக் கேட்க ஆசைப்பட்டது அவளுக்குத் தெரியும். விபரீதமாகப் போனதும் சொல்லப் பயந்திருப்பாள். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆந்தை வாலிடம், பின்னால் என்ன சத்தம் கேட்டது என்று மட்டும் கேட்டாள். விர்ரென்று ஏதோ சுற்றியது என்றான் அவன்.

அம்மாள் புன்னகைத்தார். "கண்ணாடி தேய்க்கிற மெஷின். எனக்கும் அது கேக்கும். அதை வச்சுத்தான் அவரேதான்னு நம்பினேன். பின்னறையில நின்னுக்கிட்டுப் பேசியிருக்கார்."

"அம்மா, அவர் உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாரா?"

"எனக்கா? எனக்கு எதுக்கு அனுப்புவார்? எனக்குத்தான் கேக்..."

அந்த வார்த்தை பாதியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். அதைக் கேட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பினார். திரும்பிய முகம் வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"நடுவுல ஒரு துணித் திரைதான்" என்றார் அம்மாள் கடைசியில். "நான் முன்னாடி உக்காந்திருப்பேன். அவர் பின்னாடி. கை நீட்டினா தொடற தூரம்."

ஆந்தை அவரிடம் எதையும் மறைக்கவில்லை. பழைய போன் திறந்தால் அவர் தங்கைக்கு அனுப்பிய குரல் பதிவுகள் வெளியே வரும். கொடுத்தவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அவரைக் கவனித்துக்கொள்பவர் கையில் அது போகும். தங்கை கடைக்காரரிடம் ஏற்கெனவே போய் விசாரித்திருக்கலாம். அப்படியே அம்மாள் கையில் கிடைத்தாலும், செத்த கணவர் குரல் கேட்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒருத்தி, அந்தக் குரல் தன் தங்கைக்குத்தான் பேசியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பிறகு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னது இது. கருவியிலிருந்து அந்த இணைப்பை இப்போதே அழித்துவிடலாம். குரல் வராது. ஆனால் நாளைக்கு டாக்டரிடம் காட்ட ஆதாரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது தங்கையின் போன். அதைக் காட்டினால் மகனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். முடிவு அம்மாளுடையது.

"நான் பைத்தியம் இல்லன்னு காட்டணும்னா, அவர் எப்படிப்பட்டவர்னு காட்டணும். அவ்வளவுதானே?"

ஆந்தை தலையசைத்தாள்.

கண்ணாடிக்காரம்மாள் எழுந்து, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் கொண்டை போட்டார். கூடத்துக்குப் போனார்.

மகன் மேசையருகே நின்றிருந்தான். தங்கை டீத் தட்டோடு வந்தாள்.

"உன் போன்ல இருக்கறதைப் போடு" என்றார் அம்மாள். "இன்னிக்கு ரெண்டு தடவை போட்டியே, அது."

தங்கையின் கையிலிருந்த தட்டு நழுவவில்லை. கோப்பைகூட குலுங்காமல் மேசையில் வைத்தாள். தட்டு விழுந்திருந்தால் நான் அவளைக் கொஞ்சம் மன்னித்திருப்பேன் என்று வால் பின்னால் சொன்னான்.

மகன் குறுக்கே வந்தான். சித்தி ராத்திரி பகலாக உன்னைப் பார்த்துக்கொள்கிறாள், அவள்மேலேயே சந்தேகமா என்றான். இதைத்தான் டாக்டரும் போனில் சொன்னார் என்றான். ஆந்தை அவனைத் தொட்டு நிறுத்தி, சோதனை நடந்தபோது அவன் அம்மாவின் காதில் ஒன்றுமே இல்லை என்பதையும், குரலைக் கேட்டது வால் என்பதையும் சொன்னாள். இன்ஜினியரின் முகத்தில் கணக்கு ஓடியது. ஒரு கருவியோடு இரண்டு போன்களை இணைத்து வைக்க முடியும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் சித்தியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டக்கா" என்றாள் தங்கை. குரலில் கெஞ்சல் இல்லை, களைப்புதான் இருந்தது. "அந்த போனை மட்டும் நீ தொறக்கக் குடுக்காம இருந்திருந்தா நான் இப்படியெல்லாம் யோசிச்சிருக்கவே மாட்டேன். அத்தானை நீ எவ்வளவு பெருசா நினைச்சிருந்த. அது அப்படியே இருக்கட்டும்னுதான்."

"அதுக்கு நான் பைத்தியமா இருந்தா பரவாயில்ல."

"அங்க நல்லாப் பாத்துப்பாங்க. தோட்டம் இருக்கு. நான் வாராவாரம் வந்திருப்பேன்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. ஆந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினாள், பார்க்காமல் இருக்க.

"என் காதுக்கு வேண்டாம்" என்றார் அம்மாள். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி வெளிய போடு."

"பையன் முன்னாடி வேண்டாம்க்கா. அவங்கப்பா. அந்த மனுஷன் பேரு என்னாகறது?"

"நாளைக்குக் காலைல டாக்டர் எதிர்ல உக்காரப்போறது நான்டி. அவர் பேரை வச்சுக்கிட்டு அங்க நான் என்ன பண்ணட்டும்?"

தங்கை போனைத் திறந்தாள். கண்ணாடிக்காரம்மாள் அவள் தோளருகே போய் நின்று திரையைப் பார்த்தார். பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தன. அந்தக் கடையில் முன்னால் உட்கார்ந்திருந்த வருடங்கள் எல்லாம் அதில் இருந்தன. தங்கை கடைசிப் பதிவின்மேல் விரலை வைத்தாள். அம்மாள் அந்த விரலைப் பிடித்து நகர்த்தினார்.

"முதல்லேர்ந்து" என்றார்.

பிறகு மகனைப் பார்த்தார். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். சின்ன வயதில் பரீட்சைத் தாளை நீட்டிக்கொண்டு நிற்பானே, அதுபோல. அவர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருடா. உங்கப்பா பேசறார், கேளு. நானும் இப்பத்தான் கேக்கப்போறேன்."